ஒன்பது ஆண்டு இடைவெளியும் ஏழு ஆண்டுத் தேடலும்: மகேஷ் பாபு கதாநாயகனான விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

தெலுங்குத் திரையுலகில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகிப் பின்னர் கதாநாயகனானவர்கள் பலர். முதல் வரிசைக்கு வந்து அங்கேயே நிலைத்தவர்கள் மிகச் சிலர். மகேஷ் பாபு அந்தச் சிலருள் ஒருவர். 1979-இல் நான்கு வயதில் ‘நீடா’ படத்தில் முகம் காட்டியவர், 2006-இல் ‘போக்கிரி’ வெளியானபோது அதுவரை வந்த தெலுங்குப் படங்களிலேயே அதிக வசூல் பெற்ற படத்தின் நாயகனாக இருந்தார். ‘சூப்பர் ஸ்டார்’ கிருஷ்ணாவின் மகன் என்பதால் வந்தார் என்று இந்தப் பயணத்தை ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. அந்த வரி பொய் அன்று, ஆனால் போதாது. அதே கிருஷ்ணாவுக்கு மூத்த மகன் ஒருவர் இருந்தார். அவரும் சிறுவனாக நடித்தார், அவரும் தந்தையின் ரசிகர்களின் வாழ்த்தோடு கதாநாயகனானார், சுமார் பத்தாண்டுகளில் நடிப்பையே விட்டு விலகினார். ஒரே வீட்டில், ஒரே தந்தையின் நிழலில் தொடங்கிய இரண்டு பயணங்கள் ஏன் இவ்வளவு வேறாக முடிந்தன என்பதே இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி.

குடும்பப் பின்னணி

குண்டூர் மாவட்டத்தில் தெனாலிக்கு அருகிலுள்ள புர்ரிபாலெம் கிராமத்தில் 1943-இல் பிறந்த கட்டமனேனி சிவராம கிருஷ்ணா, ஆதுர்த்தி சுப்பாராவ் இயக்கிய ‘தேனே மனசுலு’ (1965) படத்தின் மூலம் நாயகனானார். 1966-இல் ‘கூடசாரி 116’ என்ற உளவாளிப் படம், 1971-இல் ‘மோசகாள்ளகு மோசகாடு’ என்ற கௌபாய் படம், 1974-இல் தெலுங்கின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘அல்லூரி சீதாராம ராஜு’, 1986-இல் முதல் 70 எம்.எம். படமான ‘சிம்மாசனம்’ என்று புதுமைகளை முதலில் கையில் எடுக்கும் துணிச்சலுக்குப் பெயர் பெற்றவர் அவர். 350-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். தம்பிகளோடு சேர்ந்து பத்மாலயா என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தை நடத்தினார். பின்னாளில் இயக்கவும் செய்தார். இந்த விவரங்கள் இங்கே அலங்காரத்துக்காக வரவில்லை. நடிகர், தயாரிப்பாளர், இயக்குநர் என்ற மூன்று பொறுப்புகளும் ஒரே மனிதரிடம் இருந்த வீட்டில், பிள்ளைகளைக் கேமரா முன் நிறுத்துவதற்கு வெளியார் எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை, நிறுத்திவைப்பதற்கும் தேவைப்படவில்லை. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது உண்மை முக்கியமானது.

மூத்த மகன் ரமேஷ் பாபு 1965-இல் பிறந்தார். ‘அல்லூரி சீதாராம ராஜு’வில் சிறுவயது அல்லூரியாக நடித்தார். அவருக்குப் பத்தாண்டு இளையவரான மகேஷ் 1975 ஆகஸ்டு 9 அன்று சென்னையில் பிறந்தார். தெலுங்குப் படவுலகம் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. தந்தையின் தொழில் மெல்ல மெல்ல ஆந்திரத் தலைநகரை நோக்கி நகர்ந்தாலும், பிள்ளைகளின் வளர்ப்பும் படிப்பும் சென்னையிலேயே, பெரும்பாலும் தாய்வழிப் பாட்டியின் பராமரிப்பில், நடந்தன. மகேஷ் சாந்தோம் செயிண்ட் பீட்ஸ் பள்ளியிலும், பிறகு லயோலா கல்லூரியிலும் படித்தார். இதனால், தெலுங்கு ரசிகர்கள் கொண்டாடிய ஒரு சிறுவன் தெலுங்கு எழுதவும் படிக்கவும் கற்காமலேயே வளர்ந்தான். இதை மகேஷ் தாமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்பது படங்கள்

‘நீடா’ படப்பிடிப்பைப் பார்க்கச் சென்ற நான்கு வயதுச் சிறுவனை வைத்து இயக்குநர் தாசரி நாராயண ராவ் சில காட்சிகளை எடுத்துப் படத்தில் சேர்த்ததுதான் தொடக்கம். அடுத்து 1983-இல் கோடி ராமகிருஷ்ணாவின் ‘போராட்டம்’. அதற்குப் பின் நான்கு ஆண்டுகள் எதுவும் இல்லை. 1987-இல் கிருஷ்ணாவே இயக்கி நடித்த ‘சங்காராவம்’ வந்தது. பிறகு 1988-இல் ‘பஜார் ரௌடி’, ‘முக்குரு கொடுகுலு’. 1989-இல் ‘கூடசாரி 117’, ‘கொடுகு தித்தின காபுரம்’. 1990-இல் ‘பால சந்துருடு’, ‘அன்ன தம்முடு’. ஒன்பது படங்கள், அவற்றுள் ஏழு கடைசி நான்கே ஆண்டுகளில்.

இப்படங்களில் மகேஷ் செய்தவற்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கு வழக்கமாகத் தரப்படும் அழுகைக் காட்சிகளும் மழலை வசனங்களும் அல்ல அவருடைய பங்கு. பெரிய நாயகன் செய்யும் நடனத்தையும் சண்டையையும் சிறிய உடலில் செய்து காட்டுவதே அவரிடம் கேட்கப்பட்டது. ‘கொடுகு தித்தின காபுரம்’ இதன் உச்சம்: பிரிந்து வாழும் கணவன் மனைவியாகக் கிருஷ்ணாவும் விஜயசாந்தியும் நடிக்க, அவர்களை ஒன்றுசேர்க்கும் இரட்டைப் பிள்ளைகளாகப் பதினான்கு வயதே ஆன மகேஷ் இரு வேடங்களில் வந்தார். இரட்டை வேடம் என்பது அக்காலத்தில் நிலைபெற்ற நாயகர்களுக்கு உரிய மரியாதை. தந்தையின் ரசிகர்கள் அந்தச் சிறுவனிடம் கண்டது ஒரு குழந்தையை அன்று. வரவிருக்கும் அடுத்த கிருஷ்ணாவை. அவன் திரையில் தோன்றியதும் எழுந்த விசிலில் பாதி தந்தைக்கு உரியது. குழந்தை நட்சத்திரத்துக்கு இதைவிட ஆபத்தான வரவேற்பு வேறில்லை என்பது என் கருத்து. தன்னுடையது எது, வாங்கி வந்தது எது என்று அந்த வயதில் பிரித்தறிய எவராலும் முடியாது.

அண்ணனின் பாதை

இதே காலத்தில் ரமேஷ் பாபுவின் கதை வேறு வேகத்தில் ஓடியது. 1970-களில் சில படங்களில் சிறுவனாக நடித்த அவர், 1987-இல் ‘சாம்ராட்’ படத்தில் நாயகனாக அறிமுகமானார். அப்போது அவருக்கு வயது 22. கிருஷ்ணா இன்னும் ஓய்வின்றி நடித்துக்கொண்டிருந்த காலம் அது. தந்தை நாயகனாகவே தொடரும்போது மகனும் நாயகனாவது எவ்வளவு இடர் தரும் என்பதை ரமேஷின் படவரிசையே காட்டுகிறது. ‘முக்குரு கொடுகுலு’வில் தந்தையும் இரு மகன்களும் சேர்ந்து நடித்தார்கள், ‘கலியுக கர்ணுடு’வில் தந்தையோடு நடித்தார், ‘பஜார் ரௌடி’யில் அவர் நாயகன், தம்பி சிறுவன். அவருடைய ஒரு படத்தின் பெயரே ‘கிருஷ்ணகாரி அப்பாயி’. சொந்த முகவரி உருவாகும் முன்பே தந்தையின் முகவரி அவர் மீது ஒட்டப்பட்டுவிட்டது. 1997-இல் வந்த ‘என்கவுண்ட்டர்’ படத்தோடு அவர் நடிப்பை நிறுத்தினார். அவரிடம் திறமை இல்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். அவருக்குக் கிடைக்காமல் போனது, ரசிகர்கள் சிறிது மறந்து, பிறகு புதிதாகப் பார்ப்பதற்கான கால இடைவெளி.

அந்த இடைவெளி தம்பிக்குக் கிடைத்தது. படிப்பு கெடுகிறது என்ற கவலையில், நடிப்பை நிறுத்திவிட்டுக் கல்லூரியை முடிக்கும்படி கிருஷ்ணா சொன்னார். பட்டியலில் 1990-க்கும் 1999-க்கும் இடையில் ஒரு படமும் இல்லை. பதினைந்து வயதிலிருந்து இருபத்து நான்கு வயது வரை, அதாவது குரல் உடைந்து, உயரம் கூடி, முகம் மாறும் ஆண்டுகள் முழுவதும், மகேஷ் கேமராவுக்கு வெளியே இருந்தார். விடலைப் பருவத்தின் தடுமாற்றத்தைத் திரையில் காட்டி ரசிகர்களைச் சலிப்படையச் செய்யும் இக்கட்டு அவருக்கு நேரவில்லை. இது திட்டமிட்ட தொழில் உத்தி என்று நான் சொல்லவில்லை. ஒரு தந்தையின் இயல்பான கவலை அது. ஆனால் அந்தக் கவலை செய்த நன்மையை எந்த உத்தியும் செய்திருக்க முடியாது.

பட்டம் பெற்ற பின் அவர் நேராகப் படப்பிடிப்புக்குப் போகவில்லை. விசாகப்பட்டினத்தில் நாடகப் பின்னணி கொண்ட எல். சத்யானந்திடம் சில மாதங்கள் நடிப்புப் பயிற்சி பெற்றார். ஒன்பது படங்களில் நடித்தவர் மாணவராக மீண்டும் தரையில் உட்கார்ந்தார் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. எழுத்தைப் படிக்க இயலாததால் வசனங்களைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்யும் பழக்கமும் உறுதிப்பட்டது. தாளைப் பார்த்துப் படித்து ஒப்பிக்கும் நடிகர் சொற்களை அழுத்துவார். கேட்டு உள்வாங்கும் நடிகர் பேச்சின் ஓட்டத்தைப் பிடிப்பார். பிற்காலத்தில் மகேஷின் அடையாளமாகிய, குரலை உயர்த்தாத, சற்றே வேகமான, மேடைத்தன்மை இல்லாத வசன நடைக்கு இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

1999 முதல் 2002 வரை

1999 ஜூலை 30 அன்று ‘ராஜகுமாருடு’ வெளியானது. தயாரிப்பு சி. அஸ்வினி தத்தின் வைஜயந்தி மூவிஸ். இயக்கம், நடிகர் வெங்கடேஷை 1986-இல் அறிமுகப்படுத்திய கே. ராகவேந்திர ராவ், நாயகி பிரீத்தி ஜிந்தா. சிறந்த அறிமுக நடிகருக்கு ஆந்திர அரசு வழங்கிய நந்தி விருதும் ‘பிரின்ஸ்’ என்ற பட்டமும் கிடைத்தன. படம் நன்றாக ஓடியது. ஆனால் அந்தப் பட்டமே, மன்னர் இன்னொருவர் என்பதை நினைவூட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த மூன்று ஆண்டுகளை ஒரு தோல்விப் பட்டியல் போலக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அவைதாம் இந்த வரலாற்றின் மிக மதிப்புள்ள ஆண்டுகள். 2000-இல் ஒய்.வி.எஸ். சௌத்ரியின் ‘யுவராஜு’வில், இரண்டாவது படத்திலேயே, ஒரு குழந்தைக்குத் தந்தையாக நடித்தார், அந்த வேடத்துக்கு அவர் மிக இளையவர் என்ற விமர்சனம் எழுந்தது. (அதில் மகனாக நடித்த சிறுவன் தேஜா சஜ்ஜா, பின்னாளில் தாமும் கதாநாயகனாகி 2024-இல் ‘ஹனுமான்’ படத்தின் மூலம் பெரும் வெற்றி பெற்றார்.) அதே ஆண்டு வந்த ‘வம்சி’ ஓடவில்லை. 2001 பிப்ரவரியில் கிருஷ்ணவம்சியின் ‘முராரி’ வந்தது. கூட்டுக் குடும்பம், தலைமுறைகளாகத் தொடரும் ஒரு சாபம், அதற்கு அடுத்த பலியாக வேண்டிய இளைஞன் என்ற கதையில், சண்டைக்காரனாக இல்லாமல் வீட்டுப் பிள்ளையாக, பாட்டியிடமும் முறைப்பெண்ணிடமும் குறும்பு பேசுபவனாக அவர் இயல்பாகப் பொருந்தினார். சாவு நெருங்குவது தெரிந்த பின் அந்தக் குறும்பு அடங்கும் காட்சிகளில், பெரிய முகபாவங்கள் ஏதுமில்லாமலேயே அச்சத்தை உணர்த்தினார். தந்தையின் எந்தப் படத்திலும் முன்மாதிரி தேட முடியாத முதல் நடிப்பு அது.

2002-இல் ‘டக்கரி தொங்கா’வில் கௌபாய் தொப்பி அணிந்தார். தந்தையின் 1971-ஆம் ஆண்டுப் படத்தை நினைவுபடுத்தும் முயற்சி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நந்தி சிறப்பு ஜூரி விருது கிடைத்தது, எதிர்பார்த்த வசூல் கிடைக்கவில்லை. ‘பாபி’யும் தோற்றது. தந்தையின் தொப்பியை அணிந்தபோது கிடைக்காத வரவேற்பு, அதற்கு முந்தைய ஆண்டு எவருடைய தொப்பியும் இல்லாமல் நடித்தபோது கிடைத்திருந்தது. ரசிகர்கள் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

‘ஒக்கடு’

2003 ஜனவரி 15, சங்கராந்திப் பண்டிகைக்கு வந்த ‘ஒக்கடு’ ஏன் எல்லாவற்றையும் மாற்றியது என்பதற்கு அன்றைய தெலுங்குச் சந்தையைப் பார்க்க வேண்டும். ‘சமரசிம்மா ரெட்டி’ (1999), ‘நரசிம்ம நாயுடு’ (2001), ‘இந்திரா’ (2002) ஆகிய படங்களின் பெருவெற்றியால் ஆந்திரத்தின் ராயலசீமைப் பகுதியில் நடக்கும் குடும்பப் பகைக் கதைகள் திரையை ஆண்டுகொண்டிருந்தன. அவற்றின் நாயகன் ஊர்ப் பெருந்தலைவன். வயதும் மீசையும் குல கௌரவமும் உடையவன். நீண்ட வசனங்களால் எதிரியை நடுங்கச் செய்பவன். சிறுவனின் முகம் இன்னும் மாறாத மகேஷுக்கு அந்த நாற்காலி பொருந்தாது. இயக்குநர் குணசேகரும் தயாரிப்பாளர் எம்.எஸ். ராஜுவும் செய்தது, நாற்காலியை வில்லனுக்குக் கொடுத்தது. கர்னூலின் பகைத் தலைவன் ஓபுல் ரெட்டியாகப் பிரகாஷ் ராஜ்; ஹைதராபாத் பழைய நகரத்தில் வாழும் சாதாரணக் கபடி வீரன் அஜய்யாக மகேஷ். விளையாட வந்த ஊரில், கொண்டாரெட்டி புருஜு என்ற பழைய கோட்டைக் கொத்தளத்துக்கு முன்னால், முன்பின் தெரியாத பெண்ணொருத்திக்காக அவன் பகையில் மாட்டிக்கொள்கிறான். அவனுக்குக் குலப் பெருமை இல்லை, பழிவாங்கும் கடன் இல்லை. இளமை என்ற அவருடைய குறை அந்தக் கதையில் பலமாக மாறியது. நகரின் புறப்பகுதியில் எழுப்பப்பட்ட பிரம்மாண்டமான சார்மினார் அரங்கமும் மணி சர்மாவின் இசையும் படத்தின் புகழுக்குத் துணை நின்றன. அவற்றைவிட முக்கியம், நாயகனைச் சுற்றிக் கதை கட்டாமல் கதைக்குள் நாயகனை வைத்த திரைக்கதை. 2004-இல் தரணி இயக்கத்தில் விஜய் நடித்து ‘கில்லி’யாக வந்தபோது தமிழ் ரசிகர்கள் இந்தத் திரைக்கதையின் வலிமையை நேரிலேயே உணர்ந்தார்கள்.

இத்தகைய வெற்றிக்குப் பிறகு அதே அச்சில் இன்னும் நான்கு படங்கள் செய்வதே தொழில் மரபு. மகேஷ் அதே ஆண்டில் தேஜா இயக்கிய ‘நிஜம்’ படத்தில், தாய் பயிற்றுவித்த பிறகே பழிவாங்கத் துணியும் பயந்த சுபாவமுள்ள மகனாக நடித்தார். வசூல் குறைவு, ஆனால் சிறந்த நடிகருக்கான நந்தி விருது கிடைத்தது. 2004-இல் எஸ்.ஜே. சூர்யாவின் ‘நானி’யில் ஒரே இரவில் பெரியவனாகிவிடும் சிறுவனாக நடித்தார், அது தோற்றது. அதே ஆண்டின் ‘அர்ஜுன்’ படத்துக்காக மதுரை மீனாட்சியம்மன் கோயிலைப் போன்ற அரங்கத்தைத் தோட்டா தரணி ஹைதராபாத்தில் எழுப்பினார். இந்தப் படத்தின் தயாரிப்பாளர், நடிப்பை விட்டு விலகியிருந்த அண்ணன் ரமேஷ் பாபு.

அசையாமல் நிற்கும் நாயகன்

2005 ஆகஸ்டு 10 அன்று வந்த திரிவிக்ரமின் ‘அதடு’வில்தான், என் கணிப்பில், குழந்தை நட்சத்திரம் முற்றிலும் மறைந்தான். கூலிக் கொலைகாரன் நந்து, செய்யாத கொலைக்குப் பழி சுமந்து தப்பி ஓடுகிறான். ரயிலில் இறந்துபோன ஓர் இளைஞனின் பெயரைச் சொல்லிக்கொண்டு அவனுடைய கிராமத்து வீட்டில் தங்குகிறான். அந்த வீட்டில் எல்லோரும் ஓயாமல் பேசுகிறார்கள். திரிவிக்ரமின் சொல்வளம் அவர்கள் வாயில் பொங்குகிறது. நடுவில் நாயகன் மட்டும் மிகக் குறைவாகப் பேசுகிறான். தாத்தாவாக நடித்த நாசர் அன்பைக் கொட்டும்போது, அதைப் பெறத் தனக்கு உரிமையில்லை என்று அறிந்தவனின் கூச்சம் அந்த மௌனத்தில் தெரிகிறது. நடனமாடியும் பறந்து அடித்தும் கைதட்டல் வாங்கப் பழக்கப்பட்ட ஒருவர், கைகளைத் தொங்கவிட்டபடி அசையாமல் நிற்பதை நடிப்பாக மாற்றிக்கொண்டிருந்தார். அதற்கும் நந்தி விருது கிடைத்தது. இன்றளவும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும் படங்களுள் அது ஒன்று.

அந்த அடக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் பூரி ஜகன்னாத். 2006 ஏப்ரல் 28 அன்று வெளியான ‘போக்கிரி’யில் பண்டு யாருக்கும் கட்டுப்படாத அடியாள், அவன் உண்மையில் காவல் அதிகாரி என்பது இறுதியில்தான் தெரியும். இரண்டரை மணிநேரம் எதையோ மறைத்துவைத்திருக்கும் முகம் தேவைப்பட்ட கதை அது. எல்லாவற்றையும் முகத்தில் காட்டிவிடும் நடிகரிடம் அந்தத் திருப்பம் செத்துப்போயிருக்கும். தமிழில் பிரபுதேவா இயக்க விஜயும், இந்தியில் சல்மான் கானும் அதே பாத்திரத்தில் வெற்றி பெற்றார்கள். ஆனாலும் அந்தக் கதையின் மூல வடிவம் ஒரு குறிப்பிட்ட நடிகரின் அமைதியை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது.

மாற்றுச் சான்றுகள்

இந்த விளக்கத்தை இரண்டு எதிர்நிலைகளோடு உரசிப் பார்ப்பது நேர்மை. மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ (1990) படத்துக்காகச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதைப் பகிர்ந்துகொண்ட தருண், இதே போன்றதொரு நீண்ட இடைவெளிக்குப் பின் ‘நுவ்வே காவாலி’ (2000) என்ற மாபெரும் வெற்றிப் படத்தோடு நாயகனானார். தொடக்க வெற்றி மகேஷுடையதைவிடப் பெரியது. ஆனால் அடுத்து வந்த படங்களும் பெரும்பாலும் அந்த முதல் காதலனையே கேட்டன. அந்தக் காதலனுக்கு வயது கூடியபோது சந்தை அடுத்த இளைஞனைத் தேடியது. எனவே இடைவெளி மட்டும் எவரையும் காப்பாற்றுவதில்லை. மறுபுறம் ஜூனியர் என்.டி.ஆர்.: குணசேகர் சிறுவர்களை வைத்தே எடுத்த ‘ராமாயணம்’ (1997) படத்தில் ராமனாக நடித்தவர், நான்கே ஆண்டுகளில் நாயகனானார், குச்சிப்புடி பயின்ற உடலையும், பாட்டனார் என்.டி. ராமராவை நினைவூட்டும் வசன உச்சரிப்பையும் துறக்காமல், அவற்றையே பெருக்கி வென்றார். குழந்தைப் பருவத்தில் கற்றதை மறந்தால்தான் வெற்றி என்பது பொது விதியன்று. மகேஷின் விஷயத்தில் சிறுவயதுத் திறமைகள் தந்தையின் அச்சில் வார்க்கப்பட்டிருந்ததால் அவற்றிலிருந்து விலக வேண்டியிருந்தது, இளைய என்.டி.ஆருக்கோ பாட்டனாரின் இடம் காலியாகவே இருந்தது, ஒப்பிட்டுப் போட்டியிட உயிரோடு அவர் இல்லை.

பணவசதியும் இதில் கணக்கில் வர வேண்டும். ஒன்பது ஆண்டுகள் வருமானமின்றி ஒதுங்கியிருக்கவும், திரும்பி வந்து நான்கைந்து தோல்விகளைத் தாங்கவும், பத்மாலயா போன்ற பின்புலம் உள்ள வீட்டுப் பிள்ளையால்தான் முடியும். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நின்று வாய்ப்புத் தேடிய எத்தனையோ சிறுவர்களுக்கு அப்படி ஓர் ஓய்வு வாய்த்ததில்லை. மகேஷின் உழைப்பைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘போக்கிரி’க்குப் பின்

கண்டுபிடித்த அடக்கமும் ஒரு கட்டத்தில் அச்சாக இறுகத் தொடங்கியது. ‘சைனிகுடு’ (2006), ‘அதிதி’ (2007) இரண்டும் தோற்றன. அவற்றில் நாயகன் மௌனமாக இருந்தான்; ஆனால் அந்த மௌனத்துக்குப் பின்னால் ‘அதடு’வில் இருந்த குற்றவுணர்ச்சியோ ‘போக்கிரி’யில் இருந்த ரகசியமோ இல்லை. மகேஷ் மறுபடியும் நிறுத்தினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் படம் எதுவும் வரவில்லை. 2010-இல் திரிவிக்ரமின் ‘கலேஜா’வில் திரும்பியபோது, வாய் ஓயாமல் பேசும், எரிச்சலூட்டிச் சிரிக்கவைக்கும் டாக்சி ஓட்டுநராக வந்தார். அரங்குகளில் அது எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. பல ரசிகர்கள் அதன் நகைச்சுவையைப் பிற்பாடு தொலைக்காட்சியில்தான் கண்டுகொண்டார்கள். ஆனால் அங்கே திறந்துகொண்ட வழியில்தான் 2011 செப்டம்பரில் ஸ்ரீனு வைட்லாவின் ‘தூக்குடு’ நடந்தது. நீண்ட காலம் நினைவிழந்து கிடந்து கண் விழித்த தந்தைக்கு அதிர்ச்சி நேராமல் காக்க, ஒரு வீட்டையே நாடக மேடையாக்கி நடிக்கும் காவல் அதிகாரியாக, நகைச்சுவை நடிகர் பிரம்மானந்தத்தோடு சரிக்குச் சரி நகைச்சுவை செய்தார். அந்தப் பாத்திரத்துக்கும் சிறந்த நடிகருக்கான நந்தி விருது வந்தது. முப்பத்தாறு வயதில் அவர் அடக்கத்தையும் ஆட்டத்தையும் ஒரே படத்தில் காட்சிக்குக் காட்சி மாற்றிக் கையாளக்கூடியவராக இருந்தார். அதற்குப் பிறகு ‘பிரின்ஸ்’ என்ற பழைய பட்டத்தைத் தெலுங்கு ரசிகர்கள் அதிகம் பயன்படுத்தவில்லை.